தேசாதிபதியின் மேசை – 9: ஆறு நாற்காலிகள்

1829இல் வில்லியம் கோல்புரூக் கொழும்பில் வந்து இறங்கியது தேசாதிபதி சேர் எட்வர்ட் பார்ன்ஸுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பார்ன்ஸ் வாட்டர்லூப் போர்க்களம் கண்டவர். கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி போட்டவர். அந்த வீதிக்கு மண் சுமந்தவர்கள் கூலி வாங்கிய ஆட்கள் அல்லர். ராஜகாரியம் என்ற பழைய கட்டாயச் சேவையின் பேரில் ஊர் ஊராக இழுத்து வரப்பட்ட குடியானவர்கள். இந்தத் தீவை எப்படி ஆள்வது என்பதில் பார்ன்ஸுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. இப்போது லண்டன் அனுப்பிய ஒரு பீரங்கிப் படை அதிகாரி எதிரே உட்கார்ந்து, கணக்கைக் காட்டுங்கள் என்கிறார்.

லண்டனுக்கும் வேறு வழி இல்லை. இலங்கையின் வரவு செலவில் துண்டு விழுந்துகொண்டே இருந்தது. காரணம் கேட்டால் பதில் எழுதுபவர் தேசாதிபதி. அந்தப் பதில் சரியா என்று விசாரித்தால் அதற்கும் பதில் எழுதுபவர் அவரே. நன்னம்பிக்கை முனை, மொரீசியஸ், இலங்கை ஆகிய மூன்று குடியேற்றங்களையும் ஆராய 1822இல் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டிருந்தது. அதன் கடைசி நிறுத்தம் இலங்கை. 1830இல் சட்டம் படித்த சார்ல்ஸ் ஹே கமரனும் வந்து கோல்புரூக்குடன் சேர்ந்துகொண்டார்.

தேசாதிபதிக்கு ஆலோசனை சொல்ல அதுவரை ஆளே இல்லாமல் இருக்கவில்லை. 1802இல் இலங்கை முடிக்குரிய குடியேற்றமானது முதல் ஓர் ஆலோசனைச் சபை இருந்தது. பிரதம நீதியரசர், படைத் தளபதி, பிரதம செயலாளர் போன்ற உயர் உத்தியோகத்தர்கள் அதில் இருந்தார்கள். தேசாதிபதி விரும்பினால் கூட்டுவார். அவர்கள் சொன்னதை ஏற்பதும் விடுவதும் அவர் இஷ்டம். அவர்களில் பலருடைய பதவி உயர்வு அவர் எழுதும் ஒரு வரியில் தங்கியிருந்தது. அப்படிப்பட்டவர்களின் ஆலோசனையில் தேசாதிபதியின் குரலே திரும்ப ஒலித்ததில் வியப்பில்லை.

சென்னையிலிருந்து வந்த பாடம்

ஆட்களைத் தவறாகத் தேர்ந்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை ஆங்கிலேயர் இங்கே கால் வைத்த மறு ஆண்டே அறிந்துகொண்டார்கள். 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோர மாகாணங்களைக் கைப்பற்றியபோது, ஆட்சி சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனியின் கையில் இருந்தது. வரி வசூலைக் கவனிக்க வந்த ரொபர்ட் அண்ட்ரூஸ் சென்னை முறையை அப்படியே கொண்டுவந்து இறக்கினார். உள்ளூர்த் தலைமைக்காரர்களான முதலியார்களை ஒதுக்கிவிட்டு, கடல் கடந்து வந்த அமில்தார்கள் என்ற வரி அதிகாரிகளையும் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களையும் அந்த இடத்தில் வைத்தார். தென்னை மரத்துக்கு மரம் வரி போட்டார்.

ஊரின் வழமையும் காணி முறையும் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்த முதலியார்களோ கோபத்தில் இருந்தார்கள். 1797இல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சென்னைக் கவர்னர் ஹோபார்ட் பிரபு, பிரிகேடியர் ஜெனரல் தெ மேரோன் தலைமையில் ஒரு குழுவை அனுப்பி விசாரிக்கச் செய்தார். பழைய முதலியார்களையே திரும்ப அமர்த்துங்கள் என்றது அந்தக் குழு.

கலகம் ஓய்ந்தது. அமில்தார்கள் ஊர் திரும்பினார்கள். ஆனால் இதிலிருந்து அரசாங்கம் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. குடிமக்களிடம் கேட்க வேண்டும் என்பதை அது கற்றுக்கொள்ளவில்லை. முதலியார்களைப் பகைக்கக் கூடாது என்பதைக் கற்றுக்கொண்டது. அதன் பிறகு கரையோரத்தில் ஒரு விவசாயியின் முறைப்பாடு தேசாதிபதியின் மேசையை எட்டவேண்டுமானால் முதலியாரின் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் போக வேண்டும். பல வேளைகளில் முறைப்பாடு அந்த முதலியாரைப் பற்றியதாகவே இருந்தது.

லண்டனுக்கு ஒரு சாளரம்

கோல்புரூக் இந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார். மனுக்களை வாங்கினார். மாகாணங்களுக்குச் சென்று சாட்சியங்கள் கேட்டார். ராஜகாரியத்தின் சுமையும், கறுவாவில் அரசாங்கம் வைத்திருந்த தனியுரிமையும், கண்டிப் பிரதேசத்துக்கென்று இருந்த தனி நிர்வாகத்தின் செலவும் அவருடைய அறிக்கைகளில் இடம்பெற்றன. 1831 டிசம்பரிலும் 1832 தொடக்கத்திலும் அந்த அறிக்கைகள் லண்டனில் சமர்ப்பிக்கப்பட்டன. 1832இல் ராஜகாரியம் ஒழிந்தது. 1833இல் தீவு முழுவதும் ஐந்து மாகாணங்களாக ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது. கறுவாத் தனியுரிமையும் போனது.

அவற்றோடு பிறந்ததுதான் சட்டநிரூபண சபை. பாடநூல்கள் அதை நம் பாராளுமன்றத்தின் முதல் படி என்று கற்பிக்கின்றன. கோல்புரூக்கின் மனதில் இருந்தது அவ்வளவு பெரிய கனவு அன்று. குடியேற்ற நாட்டு மந்திரிக்குத் தேசாதிபதியின் கடிதத்தைத் தவிர இன்னொரு வழியிலும் செய்தி போக வேண்டும். தேசாதிபதி சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேறு சிலரின் சொல்லும் வேண்டும். அந்தச் சபையின் வேலை அதுவே. மக்களின் பிரதிநிதிகள் கூடும் இடம் என்று அதை யாரும் அன்று எண்ணவில்லை. லண்டன் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு சாளரம் வேண்டியிருந்தது. இலங்கையர் வெளியே வர ஒரு கதவு திறப்பது திட்டத்தில் இல்லை.

கட்டமைப்பு இப்படி இருந்தது. தேசாதிபதி தலைமை தாங்குவார். உத்தியோகத்தர்கள் ஒன்பது பேர். உத்தியோகப்பற்றற்றவர்கள் ஆறு பேர். அந்த ஆறில் மூன்று ஐரோப்பியருக்கு. மீதி மூன்றும் கரையோரச் சிங்களவருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று, பறங்கியருக்கு ஒன்று. ஆறு பேரையும் பொறுக்குபவர் தேசாதிபதி. தேசாதிபதியைச் சாராத செய்தி வேண்டும் என்று தொடங்கிய ஏற்பாடு, செய்தி சொல்பவரைத் தேசாதிபதியே தேர்ந்தெடுப்பதில் போய் முடிந்தது.

யார் உட்கார்ந்தார்கள்

புதிய தேசாதிபதி வில்மொட் ஹோர்ட்டனின் காலத்தில், 1834 மே 22ஆம் திகதி, சபை முதன்முறையாகக் கூடியது. மறு ஆண்டில் இலங்கையர் மூவரும் இடம் பெற்றார்கள். சிங்களவருக்கு முதலியார் குடும்பத்தைச் சேர்ந்த பிலிப்ஸ் பண்டிதரத்ன. பறங்கியருக்கு ஹிலபிராண்ட். தமிழருக்கு ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார்.

குமாரசுவாமி வடமராட்சியில் பிறந்து கொழும்புக்கு வந்து, தேசாதிபதியின் தமிழ் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தவர். தேசாதிபதிக்கும் குடிமக்களுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் நின்றவரே இப்போது குடிமக்களின் சார்பில் பேசுபவராகவும் ஆனார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. சபை நடந்தது ஆங்கிலத்தில். ஆங்கிலம் தெரிந்து, சொத்தும் இருந்து, துரைமாரின் பழக்கமும் உள்ள தமிழர் எத்தனை பேர் அன்று இருந்திருப்பார்கள்? வலை சிறியது. அதில் அகப்பட்டவர் மொழிபெயர்ப்பாளர்.

அவர் 1836இல் காலமானார். 1838இல் அந்த நாற்காலிக்கு வந்தவர் கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி. ஆலோசகர் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ளவர் என்றால் இவரைச் சொல்லலாம். 1834இலேயே இலங்கை விவரத் திரட்டு ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். பிற்காலத்தில், 1859இல், தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் 'தமிழ் புளூட்டாக்' என்று தொகுத்துத் தந்தவர். புத்தளத்தில் மணியகாரராக இருந்து ஊர்க் காரியம் பார்த்தவர். ஆனாலும் யாழ்ப்பாணத்துப் புகையிலை வியாபாரிக்கும் மட்டக்களப்பு வயற்காரருக்கும் கொழும்புச் செட்டித் தெரு வணிகருக்கும் கற்பிட்டிக்காரர் ஒருவரே குரலாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். தமிழர் என்ற ஒரு பெட்டிக்குள் எல்லோரையும் போட்டு மூடினால் அப்படித்தான் எதிர்பார்க்க முடியும். 1845இல் அவரும் சிவில் சேவையில் சேர்ந்து அரசாங்க உத்தியோகத்தர் ஆனார்.

கண்டிக்கு நாற்காலி இல்லை

ஆறு நாற்காலிகளில் மலைநாட்டுக்கு ஒன்றுகூட இல்லை. 1815 மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கை எழுதி வாங்கிக்கொண்ட இராச்சியம் அது. 1818 கலகத்துக்குப் பிறகு அங்கிருந்த பிரதானிகளின் அதிகாரம் குறைக்கப்பட்டது. 1833இல் தனி நிர்வாகமும் எடுபட்டது. சிங்களவருக்கென்று ஓர் உறுப்பினர் இருக்கிறாரே என்பது கொழும்பின் எண்ணம். அவரோ கரையோரத்து முதலியார் மரபினர். மலைநாட்டின் காணி முறையும் வழக்கும் அவருக்கு அந்நியம்.

இதன் விளைவை 1848இல் பார்த்தார்கள். தேசாதிபதி டொரிங்டன் பிரபு துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று அடுக்கினார். ஆண்கள் வீதியில் உழைக்க வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. ராஜகாரியம் ஒழிந்து 16 ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அது வேறு உடுப்பில் திரும்பி வருகிறது என்று மலைநாட்டுக் குடியானவன் எண்ணியதில் தவறென்ன? காட்டுப் பன்றியிடமிருந்து சேனையைக் காக்கும் துப்பாக்கிக்கும் நாய்க்கும் வரி விதித்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்டியிலிருந்து வந்த எந்த விதானையும் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருப்பான். சபையில் அதைச் சொல்ல ஆள் இல்லை. ஜூலையில் கலகம் வெடித்தது. இராணுவச் சட்டத்தின் பேரில் நடந்த மரண தண்டனைகள் லண்டன் பாராளுமன்றம் வரை போய், விசாரணைக்குப் பிறகு 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார்.

அதே பத்தாண்டில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. காணி வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். 1839இல் வர்த்தக சங்கம் உருவானது. 1854இல் கண்டியில் தோட்டத் துரைமார் சங்கம் பிறந்தது. ஐரோப்பியரின் மூன்று நாற்காலிகளுக்குப் பின்னால் அதன் பிறகு இரண்டு அமைப்புகள் நின்றன. மலைநாட்டின் பெயரில் சபையில் கேட்ட ஒரே குரல் கோப்பியின் குரல்.

ஆலோசனை உண்டு, அதிகாரம் இல்லை

ஐரோப்பியருக்கும் ஓர் எல்லை இருந்தது. இலங்கையில் நிற்கும் படையின் செலவை இலங்கையே கொடுக்க வேண்டும் என்று லண்டன் வற்புறுத்தியபோது உத்தியோகப்பற்றற்றவர்கள் எதிர்த்தார்கள். உத்தியோகத்தர்கள் ஒன்பது பேர் கை தூக்கினால் கதை முடிந்தது. 1864 நவம்பரில் ஜோர்ஜ் வோல் என்ற ஐரோப்பிய உறுப்பினரும், பறங்கியரின் உறுப்பினரான சார்ல்ஸ் லோரன்ஸும் முன்னிற்க, அவர்கள் பதவி துறந்து வெளியேறினார்கள். மறு ஆண்டு இலங்கை லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வியாபாரியும் வழக்கறிஞரும், வெள்ளையரும் பறங்கியரும் ஒரே பக்கத்தில் நின்ற அரிய காலம் அது. பணத்தைச் செலவிடும் உரிமை இல்லாமல் யோசனை மட்டும் சொல்வது வீண் என்று அவர்கள் சொன்னது பிற்காலத்தில் பலருக்கும் வாதமானது. அன்று அரசாங்கம் அசையவில்லை. லீக்கின் வேகமும் சில ஆண்டுகளில் தணிந்தது.

1879, யாழ்ப்பாணம்

தமிழர் நாற்காலிக்கு வருவோம். 1862 முதல் அதில் இருந்தவர் முத்துக்குமாரசுவாமி. முதல் உறுப்பினரின் மகன். லண்டனில் பாரிஸ்டர் ஆனவர், 1874இல் சேர் பட்டம் பெற்றவர், கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தை. 1879இல் அவர் காலமானபோது அடுத்தவர் யார் என்ற கேள்வி எழுந்தது. சட்டப்படி அது தேசாதிபதி லோங்டனின் தனிக் காரியம். மக்களுக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது.

யாழ்ப்பாணம் அப்படி எண்ணவில்லை. ஒரு பக்கம் வழக்கறிஞர் கிறிஸ்தோபர் பிறிற்றோ. யாழ்ப்பாண வைபவ மாலையை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். மறுபக்கம் முத்துக்குமாரசுவாமியின் மருமகன், 28 வயதான பொன்னம்பலம் இராமநாதன். இராமநாதனுக்காகக் களத்தில் இறங்கியவர் ஆறுமுக நாவலர். பஞ்ச காலத்தில் கஞ்சித் தொட்டி வைத்து ஏழைகளுக்கு ஊற்றியவர். வட மாகாண ஏசண்டு துவைனம் துரையின் நிர்வாகத்தை எழுத்தில் கண்டித்தவர். அவர் கூட்டம் கூட்டினார், ஆதரவு திரட்டினார். வாக்குச் சீட்டு இல்லை, வாக்காளர் பட்டியல் இல்லை. ஆனாலும் அது தேர்தல் போலவே நடந்தது. இராமநாதன் நியமனம் பெற்றார். அந்த ஆண்டு டிசம்பரில் நாவலர் மறைந்தார்.

இதில் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தேசாதிபதிக்குத் தகவல் சொல்ல வைத்த ஆளை, நம் ஆள் என்று மக்கள் உரிமை கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். கொடுத்தவர் நினையாத பொருளைப் பெற்றவர்கள் அதற்குத் தந்தார்கள். மற்றது, அந்த உரிமைக் குரல் சுற்றிச் சுற்றி ஒரே வீட்டு வாசலில் போய் நின்றது. இராமநாதனுக்குப் பிறகு அவருடைய தமையன் பொ. குமாரசுவாமி வந்தார். 1835 முதல் 1898 வரையான காலத்தில் பாதிக்கும் மேல் தமிழர் நாற்காலி ஒரே குடும்பத்திடம் இருந்தது. சிங்களவர் நாற்காலியும் தமக்குள் கொண்டும் கொடுத்தும் வந்த சில முதலியார் குடும்பங்களைத் தாண்டவில்லை. வியாபாரத்தில் வளர்ந்த கரையோரத்துப் பிற சாதியினர் அதைக் கண்டு புழுங்கினார்கள்.

பீஜியிலிருந்து வந்தவர்

1883இல் தேசாதிபதியாக வந்த சேர் ஆர்தர் கோர்டனுக்கு இந்தக் கணக்கை மாற்றிப் பார்க்கும் ஆசை இருந்தது. பீஜித் தீவுகளின் முதல் தேசாதிபதி அவர். அங்கே குலத் தலைவர்களைக் கூட்டி அவர்களைக் கேட்டு ஆளும் முறையை ஏற்படுத்தியவர். மரபான பிரதானிகளின் சொல்லே மக்களின் சொல் என்று நம்பினார். ஆங்கிலம் படித்த கொழும்பு வழக்கறிஞர்களிடம் அவருக்கு அந்த நம்பிக்கை இல்லை.

1889இல் சபையில் இரண்டு நாற்காலிகள் கூடின. ஒன்று கண்டிச் சிங்களவருக்கு. பாணபொக்கை அதில் அமர்ந்தார். சபை பிறந்து அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகே மலைநாட்டார் ஒருவர் உள்ளே வந்தார். மற்றது முஸ்லிம்களுக்கு, எம்.சி. அப்துல் ரகுமான் அமர்ந்தார். நியமனத்துக்கு ஐந்து ஆண்டு எல்லையும் வந்தது.

முஸ்லிம் நாற்காலிக்கு முன்கதை உண்டு. 1882இல் கண்டியில் சித்திலெவ்வை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிச் சமூகத்தைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். 1888இல் இராமநாதன் ராயல் ஆசியக் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். சோனகர்கள் என்ற இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே என்பது அதன் சாரம். ஆராய்ச்சி என்ற பேரில் படித்த கட்டுரைதான். ஆனால் தனி நாற்காலி பற்றிய பேச்சு நடந்த வேளையில் அதன் அரசியல் யாருக்கும் விளங்காமல் போகவில்லை. சோனகர் தமிழர் என்றால், தமிழர் உறுப்பினரே அவர்களுக்கும் உறுப்பினர். இல்லை என்றால் தனி நாற்காலி வேண்டும். தேசாதிபதியின் காதுக்கு யார் எவ்வளவு அருகில் என்ற கேள்வியிலிருந்து, யார் எந்த இனம் என்ற வாதம் கிளம்பிய இடம் இது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு நீண்ட மறுப்பு எழுதினார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கேட்கப்படாதவர்கள்

ஊர் மட்டத்தில் கேட்கும் முயற்சி முற்றிலும் இல்லாமல் போகவில்லை. 1856இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் வயல் நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்தபோது, பழைய கிராமச் சபை முறைக்கு உயிர் கொடுத்தார். எந்த நாளில் மடை திறப்பது, எவர் வாய்க்கால் வெட்டுவது என்பதை வயற்காரர்களே கூடி முடிவெடுத்தார்கள். 1871இல் தேசாதிபதி ஹெர்குலிஸ் ரொபின்சனின் காலத்தில் கிராமச் சபைகளுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. நல்ல பயன் கண்ட ஏற்பாடு. வாய்க்காலைப் பற்றி விவசாயியைக் கேட்கலாம் என்று ஒப்புக்கொண்ட அரசாங்கம், தானிய வரியைப் பற்றி அவனைக் கேட்கலாம் என்று மட்டும் நினைக்கவில்லை.

இன்னொரு கூட்டத்தாரை எதற்குமே கேட்கவில்லை. திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் வந்து உழைத்த தமிழர்கள் அவர்கள். வேலையை விட்டு ஓடினால் சிறை என்ற 1865ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களையும் கட்டிப்போட்டது. கண்டியருக்கும் முஸ்லிம்களுக்கும் நாற்காலி போட்ட அதே 1889இல், இந்தியத் தோட்டத் தொழிலாளர் பற்றி ஒரு சட்டமும் நிறைவேறியது. சம்பளம் பற்றிய அந்தச் சட்டத்தில் தோட்டத் துரைமாரின் உறுப்பினர் யோசனை சொல்லலாம். சம்பளம் வாங்க வேண்டியவரின் யோசனையைச் சொல்ல அங்கே எவரும் இல்லை. தமிழர் நாற்காலி இருந்தும் அது அவர்களுக்காகப் போடப்பட்டதாக யாரும் எண்ணவில்லை.

1833இல் ஆறு, 1889இல் எட்டு. இந்த 56 ஆண்டுகளில் இன்னும் யாரைக் கேட்கலாம் என்று அரசாங்கம் யோசித்தபோதெல்லாம், அதன் விடை இன்னும் எந்த இனத்தைக் கேட்கலாம் என்பதாகவே வந்தது. எந்தத் தொழிலாளியை, எந்த ஊராரை, எந்தச் சாதியாரைக் கேட்பது என்பது அந்தக் கேள்விக்குள் வரவே இல்லை. தகவல் திரட்டுவதற்கு இனவாரிப் பட்டியல் வசதியாக இருக்கலாம். பெட்டிக்கு ஒருவர் என்று பொறுக்கினால் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பட்டியலையே பார்த்து வளர்ந்த தலைவர்கள், அதிகாரம் கேட்கும் காலம் வந்தபோது பட்டியலின் வரிசையிலேயே நின்று கேட்டார்கள். ஆலோசனைக்காகக் கீறிய கோடுகள் அரசியலின் எல்லைகளாயின. கோட்டைக் கீறியவர்களுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் வரை, ஒன்பது உத்தியோகத்தர்களின் பெரும்பான்மையை அசைக்க யாரும் இல்லை.

இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒரு நாற்காலி முதன்முதலில் 1910ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் வந்தது. இனம் பாராமல், படித்த இலங்கையர் என்ற தகுதிக்கு ஒரே ஓர் இடம். அதுவும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம். 1911 டிசம்பரில் அதற்குப் போட்டியிட்டவர்கள் இருவர். ஒருவர் மார்கஸ் பெர்னாண்டோ என்ற சிங்கள மருத்துவர். மற்றவர் அறுபது வயதான நம் இராமநாதன். வாக்காளர்களில் பெரும்பாலோர் சிங்களவர். வென்றவர் இராமநாதன். இனம் மறந்த வெற்றி என்று இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள். உள்ளே வேறொரு கணக்கு ஓடியது. அது அடுத்த இதழில்.